இழுத்தால் நிறம் மாறும் ரப்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதைப் பற்றிய கேள்விகள் இவை?

சிவப்பாக இருக்கும் ஒரு ரப்பர் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறீர்கள். நீள நீள ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று மாறி, கடைசியில் நீலத்தில் வந்து நிற்கிறது. விட்டதும் மறுபடி சிவப்பு. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. இப்படிப்பட்ட ரப்பர், ஜெல், பிலிம் வகைகளைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே உள்ளன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இழுத்தால் நிறம் மாறும்' என்று செய்திகளில் வருபவை எல்லாம் ஒரே ரகம் இல்லை. ஒரு ரகம், இந்த நொடியில் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று காட்டும், விட்டால் மறந்துவிடும். இன்னொரு ரகம், முன்பு எப்போதோ அளவுக்கு மீறி இழுபட்டதை நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குத் தவறான பதில்தான் கிடைக்கும்.

பலூனை ஊதினால்கூடத்தான் நிறம் வெளிறுகிறது. அதுவும் இதுதானா?

இல்லை. பலூனில் இருப்பது சாயம். ஊதும்போது ரப்பர் மெலிகிறது, அதே அளவு சாயம் பெரிய பரப்பில் பரவுகிறது, அதனால் அடர்த்தி குறைந்து தெரிகிறது. சிவப்பு பலூன் இளஞ்சிவப்பாகும். எவ்வளவு ஊதினாலும் பச்சையாகாது. நாம் பேசுவது, ஒரு நிறம் போய் வேறொரு நிறம் வருவதைப் பற்றி.

சாயம் இல்லையென்றால் நிறம் எங்கிருந்து வருகிறது?

அமைப்பிலிருந்து. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில், அதாவது சில நூறு நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) இடைவெளியில், ஒரு பொருளுக்குள் அடுக்குகள் திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் கொஞ்சம் ஒளி பட்டுத் திரும்பும். திரும்பும் அலைகளில் எந்த அலைநீளத்துக்கு மேடும் மேடும் பொருந்துகிறதோ அது பலமாகக் கண்ணுக்கு வரும். மற்றவை உள்ளே போய்விடும். சோப்புக் குமிழியில் நிறங்கள் ஓடுகின்றனவே, அதே விஷயம்தான். குமிழியில் ஒரே ஒரு படலம், இங்கே பல பத்து அடுக்குகள். அதனால் நிறம் அழுத்தமாக இருக்கும்.

மயில் தோகை, சிப்பியின் உட்புறம், ஓப்பல் கல் ஆகியவற்றின் பளபளப்பும் இந்த வகைதான். திருச்சிக்காரரான சி.வி. ராமன் 1930களில் சிப்பி ஓடுகளின் வானவில் நிறங்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். பின்னாளில் இலங்கையின் சந்திரகாந்தக் கற்களுக்கும் போனார். ராமன் விளைவு என்ற ஒற்றைப் பெயருக்குப் பின்னால் மறைந்துபோன வேலைகள் அவை. என்னைக் கேட்டால், பள்ளிப் பாடத்தில் சேர்க்க அவைதான் இன்னும் பொருத்தம்.

கல்லும் சிப்பியும் விறைப்பானவை. அவற்றின் அடுக்கு இடைவெளி பிறந்தபடியே நிலைத்துவிட்டது. அதே அடுக்குகளை ரப்பருக்குள் அமைத்தால் இடைவெளியைக் கையால் மாற்றலாம். மொத்த விஷயமும் இவ்வளவுதான்.

இழுத்தால் ஏன் எப்போதும் நீலத்தை நோக்கியே போகிறது?

ரப்பரை இழுத்தால் நீளும், ஆனால் கன அளவு ஏறக்குறைய மாறாது. நீளத்தில் கூடியதை அகலத்திலும் தடிமனிலும் குறைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். தடிமன் குறைந்தால் அடுக்குகள் நெருங்கும். நெருங்கினால் திரும்பும் அலைநீளம் குறையும். சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகும் வழி அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நேராகப் பார்க்கும்போது திரும்பும் அலைநீளம், அடுக்கு இடைவெளியைப் போல இரண்டு மடங்கு பெருக்கல் ஒளிவிலகல் எண். ரப்பரின் ஒளிவிலகல் எண்ணைச் சுமார் 1.5 என்று வைத்தால், 650 நானோமீட்டர் சிவப்புக்கு அடுக்கு இடைவெளி கிட்டத்தட்ட 217 நானோமீட்டர். ஒரே திசையில் இழுத்தால், எத்தனை மடங்கு நீள்கிறதோ அதன் வர்க்கமூலத்தால் தடிமனை வகுக்க வேண்டும். 20 சதவீதம் இழுத்தால் அலைநீளம் 593, ஆரஞ்சு கலந்த மஞ்சள். 50 சதவீதம் இழுத்தால் இடைவெளி 177, அலைநீளம் 531, நல்ல பச்சை. இரண்டு மடங்காக நீட்டினால் இடைவெளி 153, அலைநீளம் 460, நீலம்.

ஆக, கண்ணுக்குத் தெரியும் நிறப்பட்டை முழுவதையும் கடக்க ரப்பரை இரண்டு மடங்கு நீட்டினால் போதும். சாதாரண ரப்பர் பேண்டு இதைவிட அதிகம் தாங்கும்.

நாலா பக்கமும் ஒரே சமயத்தில் இழுத்தால் கணக்கு இன்னும் சாதகமாகும். அப்போது வர்க்கமூலத்தால் இல்லை, வர்க்கத்தாலேயே வகுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் வெறும் 19 சதவீதம் நீண்டாலே சிவப்பு நீலமாகிவிடும். உப்பும் சவ்வுகளை வைத்துச் செய்யும் செயல்விளக்கங்களில் நிறம் சட்டென்று மாறுவதற்குக் காரணம் இது.

சிவப்பை நோக்கி நகர்த்தவே முடியாதா?

முடியும். அடுக்குகளை விலக்கினால் போதும். பட்டையின் இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கி நெருக்கினால் அது தடிமனாகும், நிறம் சிவப்புப் பக்கம் போகும். ஆனால் மெல்லிய பிலிம் நெருக்கினால் மடிந்துவிடும். ஆகவே தடித்த துண்டுகளில்தான் இதைப் பார்க்க முடியும். ஜெல்லாக இருந்தால் தண்ணீரில் ஊறவிட்டாலே வீங்கிச் சிவக்கும்.

பச்சோந்தியும் இப்படித்தான் நிறம் மாற்றுகிறதா?

ஓரளவுக்கு. மடகாஸ்கரில் வாழும் பாந்தர் பச்சோந்தியைப் பற்றி ஜெனீவா பல்கலைக்கழகக் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அதன் தோலின் மேல் அடுக்கில் உள்ள சில செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் நானோபடிகங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கியிருக்கும். நீலம் திரும்பி, தோலின் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரியும். எதிரி ஆண் கண்ணில் பட்டால் படிகங்கள் விலகும். மஞ்சளும் ஆரஞ்சும் மேலோங்கும். தோல் துண்டை அடர்த்தியான உப்புக் கரைசலில் போட்டுச் செல்களைச் சுருங்கவைத்தபோது நிறம் நீலத்தை நோக்கிப் போனது. நிறத்தைத் தீர்மானிப்பது இடைவெளிதான் என்பதற்கு இது நேரடி ஆதாரம்.

கவனித்தீர்களா, திசை தலைகீழ். ரப்பர் இழுபட்டால் நீலமாகிறது. பச்சோந்தி கிளர்ந்தால் நீலத்தை விட்டு விலகுகிறது. ரப்பரில் இழுப்பு அடுக்குகளை நெருக்குகிறது, பச்சோந்தியின் செல்லில் படிகங்கள் எல்லாத் திசையிலும் விலகுகின்றன. 'பச்சோந்தியைப் போல' என்று செய்திக் குறிப்புகளில் எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை.

சில நூறு நானோமீட்டர் இடைவெளியுள்ள அடுக்குகளை ரப்பருக்குள் எப்படி அமைக்கிறார்கள்?

பல வழிகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, நூறாண்டுக்கு மேல் பழைய ஒரு புகைப்பட முறையைத் தூசி தட்டி எடுத்த கதை.

பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் இருந்த காப்ரியேல் லிப்மான் 1891இல் சாயமே இல்லாத வண்ணப் புகைப்படத்தைக் காட்டினார். புகைப்படத் தகட்டின் பின்னால் பாதரசத்தைக் கண்ணாடி போல வைத்தார். உள்ளே போகும் ஒளியும் பாதரசத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் மோதி, நின்றபடியே அதிரும் அலைகளை உண்டாக்கின. அலை பலமாக இருந்த இடங்களில் மட்டும் வெள்ளித் துகள்கள் படிந்தன. கழுவி எடுத்தபின், சிவப்பு விழுந்த இடத்தில் சிவப்புக்கான இடைவெளியிலும், நீலம் விழுந்த இடத்தில் நீலத்துக்கான இடைவெளியிலும் அடுக்குகள் இருந்தன. இதற்காக 1908இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் படம் பிடிக்க வெகுநேரம் ஆகும், நகல் எடுக்க முடியாது. லூமியேர் சகோதரர்களின் ஆட்டோக்ரோம் தகடுகள் 1907இல் சந்தைக்கு வந்ததும் லிப்மானின் முறை ஓரங்கட்டப்பட்டது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மத்தியாஸ் கோலேயின் குழு 2022இல் அதே யோசனையை ரப்பருக்கு மாற்றியது. ஹோலோகிராம் தயாரிக்கப் பயன்படும், ஒளி பட்டால் உள்ளமைப்பு மாறும் நெகிழ்வான பிலிமை ஒரு பளபளப்பான அலுமினியத் தகட்டில் ஒட்டினார்கள். பாதரசத்தின் வேலையை அலுமினியம் செய்தது. கடையில் கிடைக்கும் சாதாரண புரொஜெக்டரை எடுத்து அதன்மேல் ஒரு படத்தைச் சில நிமிடங்கள் காட்டினார்கள். பிறகு பிலிமை உரித்துக் கறுப்பு சிலிக்கோன் மேல் ஒட்டினார்கள். இழுத்தால் படம் முழுக்க நிறம் மாறியது. சிவப்புப் பிலிமில் ஸ்ட்ராபெர்ரியை வைத்து அழுத்தினால் அதன் விதைகள் ஒவ்வொன்றும் பச்சைப் புள்ளியாகப் பதிந்தன. விரலை அழுத்தினால் ரேகை தெரிந்தது.

இன்னொரு வித்தையும் செய்தார்கள். ஒளி சாய்வாக விழும்படி பிலிமை வைத்துப் படம் பதித்தால், அடுக்குகள் திருப்பும் ஒளி சிவப்புப் பக்கம் தள்ளிப்போகும். சிவப்பில் பதித்த படம் அகச்சிவப்புக்குப் போய்க் கண்ணுக்கு மறைந்துவிடும். பிலிமை இழுத்தால் அது சிவப்புக்குத் திரும்பி வெளிப்படும்.

இரண்டாவது வழி, செயற்கை ஓப்பல். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் வளர்ந்தது இது. கடினமான பாலிஸ்டைரீன் உருண்டைகளைச் சுற்றி மென்மையான பிசின் ஓடு போட்டு, அந்தக் கலவையை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்து, உருளைகளின் மேல் முன்னும் பின்னும் வளைத்து ஓட்டுவார்கள். அந்த உரசலில் உருண்டைகள் தாமாக வரிசை சேர்ந்துகொள்ளும். சிறிதளவு கரித்தூள் சேர்த்தால் நிறம் இன்னும் எடுப்பாகத் தெரியும். தொழிற்சாலை இயந்திரத்தில் மீட்டர் கணக்கில் ஓட்டக்கூடிய முறை என்பதால், சந்தைக்கு நெருக்கமானது இதுதான் என்பது என் கணிப்பு.

மூலக்கூறே மாறி நிறம் காட்டும் ரகம் எப்படி வேலை செய்கிறது?

இது தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது ரகம். அடுக்கு, இடைவெளி எதுவும் இல்லை. ரப்பரும் பிளாஸ்டிக்கும் பாலிமர் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. அந்தச் சங்கிலியின் நடுவில், வேண்டுமென்றே ஒரு பலவீனமான மூலக்கூறைக் கோக்கிறார்கள். சங்கிலியை இழுக்கும்போது மற்ற பிணைப்புகளுக்கு முன்னால் அது பிரிந்துகொடுக்கும்; பிரிந்ததும் அதன் நிறம் மாறும்.

இப்படிக் கோக்கும் மூலக்கூறுகளில் அதிகம் ஆராயப்பட்டது ஸ்பைரோபைரான். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகக் குழு 2009இல் இதைப் பாலிமெதில் அக்ரிலேட் என்ற நெகிழ்வான பாலிமரின் சங்கிலிகளில் கோத்துக் காட்டியது. பட்டையை இழுத்தபோது, அறுவதற்கு முன்பே இழுபட்ட இடம் சிவந்தது. அந்த ஆய்வின் அழகு அதன் ஒப்பீட்டுச் சோதனையில் இருக்கிறது. அதே ஸ்பைரோபைரானை, இழுவிசை அதன் வழியாகப் பாயாத விதத்தில் சங்கிலியில் சேர்த்து இழுத்தார்கள், நிறம் மாறவில்லை. ஆக, சூடோ உரசலோ காரணமில்லை, விசைதான் பிணைப்பைப் பிரித்தது என்று உறுதியானது.

இதில் ஒரு தலைவலியும் உண்டு. ஸ்பைரோபைரான் புற ஊதா ஒளி பட்டாலும் நிறம் மாறும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். வெயிலில் தொங்கும் கயிற்றில் இதைப் பூசினால், நிறம் மாறியதற்கு இழுப்பு காரணமா, வெயில் காரணமா என்று எப்படிச் சொல்வது?

நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகக் குழு 2012இல் வேறொரு வழி கண்டது. டையாக்ஸிடேன் என்ற மூலக்கூறைக் கோத்தால், பிணைப்பு உடையும்போது ஒளித்துளி ஒன்று வெளிவரும். இருட்டில் கேமராவை வைத்தால் ரப்பர் எங்கே, எப்போது கிழியத் தொடங்குகிறது என்பதையே படம் பிடிக்கலாம். பயன்பாட்டுப் பொருளாக இல்லாவிட்டாலும், ரப்பர் கிழிவதை ஆராய்கிறவர்களுக்கு இது பெரிய வரம்.

பிளாஸ்டிக்கை மடித்தால் வெள்ளைக் கோடு விழுகிறதே, அது?

அது மூன்றாவது சங்கதி. அளவுக்கு மீறி வளையும்போது பிளாஸ்டிக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகளும் வெற்றிடங்களும் உண்டாகின்றன. அவை எல்லா நிறத்தையும் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. பழைய கை இயந்திரத்தில் எழுத்துகளை அழுத்திப் பெயர் அடிக்கும் பிளாஸ்டிக் டேப்புகள் நினைவிருக்கிறதா? கறுப்பு அல்லது சிவப்பு டேப்பில் எழுத்து மட்டும் வெள்ளையாகப் புடைத்து நிற்கும். அங்கே மையே கிடையாது. எழுத்து வடிவில் பிளாஸ்டிக்கைக் காயப்படுத்தித்தான் அந்த வெள்ளையை வரவழைக்கிறார்கள்.

விட்டால் பழைய நிறம் திரும்புமா?

அடுக்கு ரகத்தில், ரப்பர் பழைய நீளத்துக்குத் திரும்பினால் நிறமும் திரும்பும். ரப்பர் நிரந்தரமாகத் தளர்ந்துபோனால் நிறமும் கொஞ்சம் தள்ளியே நிற்கும். ஸ்பைரோபைரான் ரகத்தில் ஒளியில் வைத்தால் மெல்லத் திரும்பும். வெள்ளைக் கோடு பெரும்பாலும் திரும்பாது.

மயில்கழுத்துப் புடவையும் இதே தத்துவமா?

இல்லை. பட்டுப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒன்று தூக்கலாகத் தெரிகிறது. இரண்டும் சாயம்தான். நிஜ மயிலின் கழுத்துதான் அடுக்கு ரகம்.

வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுமா?

அசல் பிலிமை வீட்டில் செய்வது கடினம். ஆனால் நெருங்கிய உறவுள்ள ஒன்றை ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். எல்.சி.டி. கணினித் திரையை முழு வெள்ளையாக வையுங்கள். போலரைஸ்டு கூலிங்கிளாஸை எடுத்துத் திரைக்கு முன் பிடித்து, திரை இருண்டு தெரியும்வரை மெல்லச் சுழற்றுங்கள். இப்போது திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் நிறமற்ற பிளாஸ்டிக் ஸ்கேலைக் காட்டுங்கள். வரிவரியாக வானவில் தெரியும். வார்க்கும்போது உள்ளே தங்கிவிட்ட அழுத்தம் அது. ஸ்கேலை லேசாக வளைத்தால் வரிகள் நகரும். தெளிவான பாலித்தீன் கவரில் ஒரு பட்டை வெட்டி மெதுவாக இழுத்தால், நீளும் இடத்தில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

இது அடுக்கு ரகம் இல்லை. அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் ஒளி இரண்டு வேகத்தில் பயணிப்பதால் வருவது. கண்ணாடியைக் கழற்றினால் மறைந்துவிடும். ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் 1810களிலேயே இதைக் கண்டார். கணினிகள் வருவதற்கு முன் பாலம், அணை ஆகியவற்றின் சிறு மாதிரிகளை ஒளிபுகும் பிசினில் செய்து, எங்கே அழுத்தம் குவிகிறது என்று பொறியாளர்கள் இப்படித்தான் பார்த்தார்கள்.

நடைமுறையில் எதற்குப் பயன்படும்?

எனக்கு நம்பிக்கை உள்ள பயன்பாடு ஒன்றுதான்: காலில் சுற்றும் அழுத்தக் கட்டு. நரம்புச் சுருட்டலால் காலில் ஆறாத புண் வந்தவர்களுக்கு, கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் இருக்கும்படி கட்டுப் போடுவார்கள். இறுக்கம் குறைந்தால் பலனில்லை, கூடினால் ரத்த ஓட்டம் தடைபடும். சுற்றுகிறவரின் கைப்பழக்கம்தான் இப்போது அளவுகோல்.

கோலேயின் குழு 2018இல் ஒரு வகை நாரைச் செய்தது. மெல்லிய ஒளிபுகும் பாலிமர் அடுக்குகளைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டிய நார் அது. மார்கரிட்டாரியா நோபிலிஸ் என்ற வெப்பமண்டலத் தாவரத்தின் நீல நிறக் கனியில் உள்ள அமைப்பைப் பார்த்து வந்த யோசனை. நாரைக் கட்டுத்துணியில் கோத்தால், சுற்றும்போதே நிறம் இழுப்பைச் சொல்லும். நிற அட்டையைப் பார்த்துச் சுற்றிய மாணவத் தன்னார்வலர்கள் சரியான அழுத்தத்துக்கு நெருங்கினார்கள்.

ஆனால் இதற்கு ஒரு மலிவான போட்டி ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. சில கட்டுத்துணிகளில் நீள்சதுரங்கள் அச்சிட்டிருப்பார்கள். சரியான இறுக்கத்துக்கு இழுத்தால் நீள்சதுரம் சதுரமாகிவிடும். அச்சு மை, வேறொன்றும் இல்லை. நிறம் மாறும் நார் இந்தச் சதுரத்தை ஜெயிக்க வேண்டும், அது சுலபமில்லை. சதுரமா இல்லையா என்று மட்டும்தான் அச்சு சொல்லும், இடைப்பட்ட அளவுகளை நிறம் சொல்லும் என்பதே நாருக்குச் சாதகம்.

மலையேறும் கயிறு, பாரம் தூக்கும் பட்டை போன்றவற்றுக்கு நிலைமை நேர்மாறு. அங்கே தேவை 'இப்போது எவ்வளவு இழுபடுகிறது' என்ற தகவல் அல்ல, 'போன மாதம் யாராவது இதை அளவுக்கு மீறி இழுத்தார்களா' என்பது. அதற்கு அடுக்கு ரகம் உதவாது, மூலக்கூறு ரகம்தான் வேண்டும். ஒரு பயன்பாட்டைப் பற்றிப் படிக்கும்போது அங்கே தேவைப்படுவது நிகழ்காலமா, கடந்தகாலமா என்று பாருங்கள்; சரியான ரகத்தைத்தான் பேசுகிறார்களா என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவு இருந்தும் ஏன் கடையில் கிடைப்பதில்லை?

முதல் தடை, கோணம். அடுக்கு ரகத்தை நேராகப் பார்த்தால் சிவப்பு, சாய்த்துப் பார்த்தால் ஆரஞ்சு அல்லது பச்சை. இழுப்பை அளக்கப் போனால் தலையை அசைத்ததையும் சேர்த்தே அளக்கும். இரண்டாவது, வெளிச்சம். மஞ்சள் பல்பின் கீழ் நீலம் மங்கும். மூன்றாவது, பின்னால் கறுப்பு வேண்டும். இல்லையென்றால் ஊடுருவிப் போகும் ஒளி பின்புறம் பட்டுத் திரும்பி நிறத்தைக் கரைத்துவிடும். ஜெல் என்றால் காய்ந்துபோகும் தொல்லை வேறு.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க எளிதானது எது?

ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸ். மாத்திரைகளிலும் உணவிலும் சேர்க்கப்படும், ஈ463 என்ற எண்ணுள்ள வெள்ளைத் தூள். இதைத் தண்ணீரில் எடைக்கு எடை 60 முதல் 70 சதவீதம்வரை கலந்தால், மூலக்கூறுகள் சுழல்படிக்கட்டு போல் முறுக்கிக்கொண்டு நிற்கும் கெட்டிப் பசை கிடைக்கும். முறுக்கின் நீளம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது: தண்ணீர் கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம். கேம்பிரிட்ஜில் சில்வியா விக்னோலினியின் குழு இதே பசையை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்து, தொட்டால் நிறம் மாறும் தாளாக உருளைகளில் ஓட்டித் தயாரித்து 2018இல் வெளியிட்டது.

மூலக்கூறு எடை குறைந்த வகையாகப் பார்த்து வாங்குங்கள். கலக்கும்போது குமிழி நிறைய வரும். மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றினால் அடங்கும், இல்லையென்றால் மூடிவைத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து, ஓரங்களைக் காற்றுப் புகாமல் அடைத்து, கீழே கறுப்புத் தாள் போட்டால் நிறம் தெரியும். ஒரு பக்கத்தில் கண்ணாடிக்குப் பதில் வளையும் பிளாஸ்டிக் தாளை வைத்தால், விரலால் அழுத்தும் இடம் நீலத்தை நோக்கி நகர்வதைப் பார்க்கலாம். சூடுபடுத்தினால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். அதனால் அழுத்தும்போது விரலின் சூடும் கணக்கில் சேரும். அழுத்தத்தின் விளைவை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் விரலுக்குப் பதிலாக, அறை வெப்பத்தில் இருக்கும் எடைக்கல்லை வையுங்கள்.